கையடக்க மியூசிக் பிளேயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டுக்கென்றே ஒரு சின்னக் கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளும், புதிதாக வாங்கியவர்கள் தடுக்கி விழும் இடங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைப் பதில்களோடு இங்கே சேர்த்துவைத்திருக்கிறேன்.

கைபேசியிலேயே பாட்டுக் கேட்கலாமே, தனியாக ஒரு பிளேயர் எதற்கு?

கைபேசியில் நிம்மதியாகக் கேட்க முடிகிறவர்களுக்கு இது தேவையில்லை. எனக்கு அது முடியவில்லை. ஆலாபனை மேலே ஏறும் நேரம் பார்த்து ஒரு குறுஞ்செய்தி வந்து மணி அடிக்கும். என்னவென்று பார்க்கக் கையில் எடுத்தால், அரை மணி நேரம் எங்கே போனதென்று தெரியாது, பாட்டும் முடிந்திருக்கும். பிளேயரில் அந்த வாசலே கிடையாது. பாட்டைத் தவிர அதனிடம் வேறு வேலை இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரியது. சந்தா கட்டிச் செயலியில் கேட்கும் பாட்டு நம்முடையது அல்ல. நிறுவனங்களுக்கு இடையிலான உரிமம் முடிந்தால், நேற்று இருந்த தொகுப்பு இன்று சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். பிளேயரில் ஏற்றிவைத்த கோப்பை யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். சிக்னல் இல்லாத மலைப்பாதையிலும் அது பாடும். பொத்தான் வைத்த பிளேயராக இருந்தால், பைக்குள் கையைவிட்டுப் பார்க்காமலேயே அடுத்த பாட்டுக்குப் போகலாம். பழகிய விரலுக்கு அது தெரியும்.

இந்தக் கருவி எப்போது வந்தது?

விற்பனைக்கு வந்த முதல் கையடக்க எம்பி3 பிளேயர், கொரியாவின் சேஹான் நிறுவனம் 1998இல் கொண்டுவந்த எம்பிமேன். அதில் இருந்த இடம் 32 எம்பி (மெகாபைட்). அன்றைய வழக்கமான தரத்தில் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பாட்டு, அவ்வளவுதான். அதே ஆண்டு டைமண்ட் நிறுவனத்தின் ரியோ என்ற பிளேயர் வந்தபோது அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் நீதிமன்றத்துக்குப் போய் அதைத் தடுக்கப் பார்த்தது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டைமண்ட் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தன்னிடம் உள்ள இசையைத் தன் கருவிக்கு மாற்றிக்கொள்வது சொந்த உபயோகம் என்று அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டதால்தான் பின்னால் வந்த பிளேயர்களுக்கு வழி திறந்தது. 2001 அக்டோபரில் 5 ஜிபி வன்தட்டோடு ஐபாட் என்ற பிளேயரை ஆப்பிள் அறிமுகப்படுத்தியது. 2022 மே மாதத்தில் ஆப்பிள் ஐபாட் வரிசையையே நிறுத்திக்கொண்டது. ஆனாலும் பிளேயர் தயாரிக்கும் நிறுவனங்கள் இன்றும் இருக்கின்றன.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மெமரி கார்டு போடும் இடம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். உள்ளே இருக்கும் இடம் என்றைக்காவது போதாமல் போகும். அடுத்தது பொத்தான்கள். தொடுதிரை மட்டும் உள்ள கருவியை ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்துப் பார்த்தாக வேண்டும். கம்பி ஹெட்போன் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை அவசியம். கேட்டுக்கொண்டிருந்த இடத்தை நினைவில் வைத்திருந்து மறுநாள் அங்கிருந்தே தொடருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கதையும் சொற்பொழிவும் கேட்பவர்களுக்கு இது இல்லாவிட்டால் சித்திரவதைதான். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்களுக்கு அவ்வளவு முக்கியத்துவம் தர வேண்டாம்.

எத்தனை பாட்டுக் கொள்ளும்?

கணக்கு எளிது. நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் உள்ள எம்பி3 பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி பிடிக்கும். 320 கிலோபிட் என்றால் நிமிடத்துக்கு 2.4 எம்பி. சிடியில் இருப்பதை அப்படியே எடுத்தால் நிமிடத்துக்கு 10 எம்பிக்கு மேல் போகும். நான்கு நிமிடப் பாட்டை 320இல் வைத்தால் பத்து எம்பிக்குச் சற்றுக் குறைவு. அப்படியென்றால் 32 ஜிபி கார்டில் மூவாயிரம் பாட்டுக்கு மேல் கொள்ளும். பேச்சுக்கு 64 கிலோபிட் மோனோவே (இடது வலது பிரிக்காத ஒற்றைத் தடம்) தாராளம்.

எம்பி3, ஃபிளாக் என்று பல வகை சொல்கிறார்கள். எதில் வைத்துக்கொள்வது?

எம்பி3 ஒலியைச் சுருக்கும்போது, நம் காது கவனிக்காது என்று கணித்த பகுதிகளை எறிந்துவிடுகிறது. எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது. ஃபிளாக் எதையும் எறிவதில்லை. புத்தகத்தைப் பெட்டிக்குள் அடுக்கி மூடுவது போல இடத்தை மட்டும் மிச்சப்படுத்துகிறது. பாடும்போது மூல ஒலி ஒரு பிட் கூடக் குறையாமல் வெளியே வரும். பெரும்பாலும் மூலத்தின் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை இடம் பிடிக்கும்.

நான் செய்வது இதுதான். சொந்தமாக வாங்கிய சிடிகளைக் கணினியில் ஃபிளாக்காக ஏற்றிவைப்பேன். அது என் மூலப்பிரதி. பிளேயருக்குப் போவது அதிலிருந்து எடுத்த எம்பி3. நல்ல மென்பொருளில் 256 அல்லது 320 கிலோபிட்டில் எடுத்த எம்பி3யையும் மூலத்தையும் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பஸ் இரைச்சலில் கேட்பவருக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 128இல் இருக்கும் பாட்டை 320ஆக மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் மென்பொருளை நம்பாதீர்கள். கோப்பின் எடை கூடும், ஒலி கூடாது. இரண்டாவது தடவை சுருக்குவதால் இருந்ததும் கொஞ்சம் கெடும்.

கணினியிலிருந்து எப்படி ஏற்றுவது?

பெரும்பாலான பிளேயர்கள் யுஎஸ்பி வயரில் இணைத்ததும் பென்டிரைவ் போலத் தெரியும். கோப்புறையை அப்படியே இழுத்துப் போட்டால் போதும். இணைத்தும் கணினியில் எதுவும் தெரியவில்லை என்றால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் வயர்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் தகவல் போகும் கம்பியே இருக்காது. அதன் பிறகு பிளேயரின் அமைப்புகளில் எம்டிபி, எம்எஸ்சி என்று இருக்கும் இரண்டு இணைப்பு முறைகளில் மற்றதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

ஏற்றி முடித்ததும் வயரைப் பிடுங்காதீர்கள். "பாதுகாப்பாக அகற்று" என்பதை அழுத்தி, சரி என்று வந்த பிறகு எடுங்கள். திரையில் நகல் முடிந்துவிட்டதாகக் காட்டினாலும் கணினி உள்ளுக்குள் எழுதிக்கொண்டிருக்கலாம். பாதியில் பிடுங்கினால் கார்டின் அட்டவணையே குலைந்து, எல்லாப் பாட்டும் போய்விட்டது போலத் தெரியும்.

பாட்டுகள் வரிசை மாறி ஒலிக்கின்றன. ஏன்?

மூன்று காரணங்கள் உண்டு. பிளேயர் எழுத்து வரிசையில் அடுக்கினால் 1க்கு அடுத்து 10 வரும், 11 வரும், அதன் பிறகுதான் 2 வரும். 01, 02 என்று பெயர் வைத்தால் இது சரியாகும். சில பிளேயர்கள் கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை, உள்ளே எழுதியிருக்கும் பாட்டு எண்ணைப் பார்க்கும். அந்த எண் காலியாக இருந்தால் குழப்பம்தான். விலை குறைந்த கருவிகள் இரண்டையும் பார்க்காமல், எது முதலில் கார்டில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். அப்படிப்பட்ட கருவியாக இருந்தால் கோப்புறையைக் காலி செய்துவிட்டு, பாட்டுகளை நீங்கள் விரும்பும் வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒரு கச்சேரியை வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிப்பதற்காக நான் ஒரு மாலை முழுக்க இப்படி உட்கார்ந்திருக்கிறேன். மறுநாள் நடந்துகொண்டே அதைக் கேட்டபோது அந்த மாலை வீணானதாகத் தோன்றவில்லை.

தமிழில் பெயர் வைத்தால் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே?

இதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் சரிசெய்ய முடியும்.

முதலாவது, பெயர் எழுதப்பட்ட முறை. எம்பி3 கோப்புக்குள் பாட்டின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் ஐடி3 என்ற குறிப்பாகப் பதிவாகின்றன. அதன் முதல் பதிப்பில் பாட்டின் பெயருக்கு 30 பைட் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும். "தமிழ்" என்ற ஒரே சொல்லைப் பாருங்கள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், 15 பைட். இரண்டு சொல் எழுதுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். அதனால் எம்பி3டேக் போன்ற இலவச மென்பொருளில் குறிப்புகளை ஐடி3 2.3 பதிப்பில், யுடிஎஃப்-16 முறையில் சேமியுங்கள். யுனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் எழுதிய பெயர்கள் பழைய கோப்புகளில் இருந்தால் அவற்றைத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

இரண்டாவது, பிளேயருக்குள் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்பது. இல்லையென்றால் கட்டம்தான் வரும். சிலவற்றில் எழுத்துரு இருக்கும், ஆனால் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். இதை நம்மால் திருத்த முடியாது. அத்தகைய கருவிக்கு மட்டும் பெயர்களை ரோமன் எழுத்தில் வைத்த ஒரு நகலை ஏற்றுங்கள்; கணினியில் இருக்கும் மூலத்தில் தமிழ் அப்படியே இருக்கட்டும். நாளை வாங்கும் பிளேயருக்குத் தமிழ் தெரிந்திருக்கும்.

பெரிய மெமரி கார்டு போட்டால் பிளேயர் ஏற்கவில்லை.

32 ஜிபி வரையிலான கார்டுகள் பெரும்பாலும், கோப்புகளை அடுக்கிவைக்கும் ஃபேட்32 என்ற முறையில் வருகின்றன. 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட் முறையில் வரும். பழைய பிளேயர்களுக்கு அது தெரியாது. கார்டை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்தால் பல கருவிகள் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸின் வழக்கமான வசதி பெரிய கார்டுகளுக்குப் பெரும்பாலும் ஃபேட்32 தருவதில்லை என்பதால் தனி மென்பொருள் தேவைப்படலாம். புதிய கார்டு என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். 8 ஜிபி கார்டை 128 என்று காட்ட வைத்து விற்கிறார்கள். முதல் சில ஆல்பங்கள் நன்றாகப் பாடும், அதற்கு மேல் ஏற்றியதெல்லாம் குப்பையாக இருக்கும்.

ஒரு காதில் மட்டும் சத்தம் வருகிறது. சில சமயம் குரல் காணாமல் போய் வாத்தியம் மட்டும் கேட்கிறது.

ஹெட்போனை வேறொரு கருவியில் செருகிப் பாருங்கள். அங்கும் அப்படியே இருந்தால் வயர் போயிருக்கிறது. பெரும்பாலும் செருகியின் கழுத்தில், மடங்கி மடங்கி அறுந்திருக்கும். அங்கே நன்றாகக் கேட்டால் குற்றவாளி பிளேயரின் துளைதான்.

சட்டைப்பையின் நூல்தூசி அந்தத் துளைக்குள் போய்ச் சேரும். ஒவ்வொரு தடவை செருகும்போதும் அது அடியில் அழுந்தி அழுந்திக் கெட்டியாகிவிடும். பிறகு செருகி முழுதாக உள்ளே போகாது, ஒரு முடி அளவு வெளியே நிற்கும். செருகியை எடுத்துப் பாருங்கள்: மேலே இரண்டு கறுப்பு வளையங்கள் மூன்று உலோகப் பகுதிகளைப் பிரித்திருக்கும். நுனி இடது காதுக்கு, நடு வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. அந்தப் பொதுத் தொடர்பு விட்டுப்போனால் இடதும் வலதும் ஒன்றிலிருந்து ஒன்று கழிந்து, இரண்டிலும் சமமாக இருக்கும் ஒலி மறைந்துவிடும். பாடகரின் குரலை வழக்கமாக நடுவில்தான் வைத்திருப்பார்கள், அதனால் அது முதலில் போகிறது.

பிளேயரை அணைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில், மரத்தாலான பல்குச்சியின் நுனியால் ஓரமாக மெல்லச் சுரண்டி எடுங்கள். எனக்கு ஒரு தடவை பயறு அளவுக்கு நீலநிறப் பஞ்சு உருண்டை ஒன்று வந்தது. அதை எடுத்ததும் செருகி "டக்" என்று உட்கார்ந்தது. ஊசி, ஹேர்பின் போன்ற உலோகம் எதையும் உள்ளே விடாதீர்கள்.

எவ்வளவு சத்தமாகக் கேட்கலாம்?

தயவுசெய்து இதை அவசரப்படாமல் படியுங்கள். பிளேயர் பழுதானால் இன்னொன்று வாங்கலாம். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் மனிதர்களுக்கு மறுபடி வளர்வதில்லை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். சத்தம் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு தடவையும் காதுக்குள் போகும் ஆற்றல் இரட்டிப்பாகும், பாதுகாப்பான நேரம் பாதியாகும். 83இல் 20 மணி நேரம், 86இல் 10 மணி நேரம். 90 டெசிபலில் வாரத்துக்கே நான்கு மணி நேரம்தான். குழந்தைகளுக்கு 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்று வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் டெசிபல் அளக்கும் கருவி இருக்காது. ஒலி அளவை உச்சத்தின் 60 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள்வது எல்லோருக்கும் ஏற்ற வழி. ஆனால் இயர்போனுக்கு இயர்போன் இது மாறும்; குறைந்த மின்சாரத்திலேயே அதிக சத்தம் தருபவை இருக்கின்றன. அமைதியான அறையில் இதமாகக் கேட்கும் அளவை ஒரு தடவை பார்த்து அந்த எண்ணை நினைவில் வையுங்கள். வெளியே இரைச்சலில் அதைவிட மிகவும் கூட்டத் தோன்றினால், காதுத் துளையை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை வாங்குங்கள். இரைச்சல் வெளியே நின்றுவிட்டால் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்காது. சாலையில் நடக்கும்போது மட்டும் அப்படி அடைத்துக்கொள்ளாதீர்கள்.

கழற்றிய பிறகு காதில் "கொய்ங்" என்ற ஒலி நிற்காமல் இருந்தாலோ, எதிரில் பேசுபவர் பஞ்சுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தாலோ, அளவு மீறிவிட்டது. ஒன்றிரண்டு நாளில் சரியாகவில்லை என்றால் காது மருத்துவரைப் பாருங்கள்.

புளூடூத் ஹெட்போன் நல்லதா, கம்பி நல்லதா?

நான் கம்பிக் கட்சி. புளூடூத் வழியில் ஒலி மறுபடி ஒரு தடவை சுருக்கப்படுகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி என்ற சுருக்கும் முறையில் வழக்கமான உச்சம் நொடிக்கு ஏறத்தாழ 330 கிலோபிட். அது மோசமில்லை. ஆனால் பிளேயர், ஹெட்போன் என்று இரண்டு பேட்டரிகளைக் கவனிக்க வேண்டும். ஓடும்போதும் உடற்பயிற்சியின்போதும் கம்பி தொல்லைதான், அப்போது புளூடூத்.

ஒரு பாட்டு மெதுவாகவும் அடுத்தது காதைப் பிளப்பதாகவும் இருக்கிறது.

ரீப்ளேகெயின் என்ற வசதி பிளேயரில் இருந்தால் அதை இயக்குங்கள். கணினியில் ஒரு தடவை எல்லாக் கோப்புகளையும் அளந்து குறிப்பு எழுதிவிட்டால் போதும். ஒலியைத் தொடாமல், பாடும்போது மட்டும் அளவைச் சமன் செய்யும். முழு ஆல்பமாகக் கேட்பவர்கள் ஆல்பம் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் மெல்லப் பாடியதும் ஓங்கிப் பாடியதும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும்.

பேட்டரி நீண்ட நாள் உழைக்க என்ன செய்வது?

உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. அதன் முதல் எதிரி வெப்பம். வெயிலில் நிற்கும் காருக்குள் பிளேயரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். முழுக்கத் தீரவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரிகளுக்குச் சொன்ன விதி, இதற்குக் கூடாது. சார்ஜை 20க்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் ஆயுள் கூடும். பல மாதம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

திரை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றாலோ, மேசையில் வைத்தால் பிளேயர் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதற்கு மேல் சார்ஜ் போடாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள். பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கழற்றிய பேட்டரி மின்கழிவு வாங்கும் இடத்துக்குப் போக வேண்டும், குப்பைத்தொட்டிக்கு அல்ல.

செயலியில் பதிவிறக்கம் செய்த பாட்டைப் பிளேயரில் ஏற்ற முடியுமா?

முடியாது. சந்தா செயலிகள் தரும் பதிவிறக்கம் பூட்டிய கோப்பு. அந்தச் செயலிக்குள் மட்டும், சந்தா இருக்கும் வரை மட்டும் திறக்கும். ஒரு காலத்தில் விலை கொடுத்து வாங்கிய பாட்டுக்கும் பூட்டு இருந்தது. 2009இல் ஆப்பிள் தன் கடையில் விற்கும் பாட்டுகளிலிருந்து அதை நீக்கியது. இன்று பாட்டை விலைக்குத் தரும் கடைகளில் வாங்குவதும், சொந்த சிடியிலிருந்து எடுப்பதும்தான் நேரான வழிகள். வாங்கும் பணத்தில் ஒரு பங்கு கலைஞருக்கும் போகிறது.

பிளேயரில் இருக்கும் பாட்டுகளுக்கு நகல் தேவையா?

பாட்டை மறுபடி வாங்கிவிடலாம். குரலை வாங்க முடியாது. என்னுடைய முதல் பிளேயரில் ஒலிப்பதிவு வசதி இருந்தது. பாட்டி ஒரு மாலை, கீரை ஆய்ந்துகொண்டே பாடிய தாலாட்டை அதில் பதிவு செய்தேன். நடுவில் ஒரு தடவை "போதுமாடா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தொடங்குவார். பின்னால் பிளேயர் தகராறு செய்தபோது, பழுது பார்த்தவர் ஃபார்மேட் செய்தால் சரியாகும் என்றார், நானும் சரி என்றேன். பிளேயர் சரியாகிவிட்டது. பதிவு வேறெங்கும் இல்லை.

அதனால் சொல்கிறேன்: கணினியில் ஒரு பிரதி, தனி வன்தட்டில் ஒரு பிரதி, முடிந்தால் வேறொரு வீட்டில் ஒரு பிரதி. பிளேயரில் இருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பதிவு செய்த அன்றே நகல் எடுங்கள்.

அலமாரியில் பழைய பிளேயர் ஒன்று கிடக்கிறது. உயிர் வருமா?

பல நேரம் வரும். முதலில் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சார்ஜில் போட்டு, கண்பார்வையில் வைத்தபடி ஒரு மணி நேரம் காத்திருங்கள்; அடியோடு தீர்ந்த பேட்டரி உடனே திரையைக் காட்டாது. அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் பேட்டரியை மாற்ற வேண்டும். வன்தட்டு உள்ள பழைய ஐபாடுகளில் வன்தட்டை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்துகிறார்கள். எடையும் குறையும், அதிர்ச்சியும் தாங்கும். நிறுவனம் கைவிட்ட பல பிளேயர்களுக்கு, தன்னார்வலர்கள் 2001 முதல் எழுதிவரும் ராக்பாக்ஸ் என்ற இலவச இயங்குமென்பொருளைப் போடலாம். ஃபிளாக், ரீப்ளேகெயின், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இடைவெளி விழாமல் பாடுவது எல்லாம் அதில் உண்டு. உங்கள் கருவியின் சரியான மாதிரி எண் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அதற்கும் முன்னால், உள்ளே இருப்பதை முழுக்கக் கணினிக்கு நகல் எடுத்துவிட்டு, ஒலிப்பதிவுக் கோப்புறையை ஒரு தடவை திறந்து கேளுங்கள்.